கூட்டத்தில் சுவரும் பேசட்டும்



தோட்டத்தில் ஒரு கூட்டம் எப்படி நடக்கும் என்பது நம் அனைவருக்கும் தெரிந்ததுதான். மண்டபத்தின் ஒரு முனையில் நீண்ட மேசை போட்டிருக்கும். அதன் பின்னால் தலைவர், செயலாளர், பொருளாளர் அமர்ந்திருப்பார்கள். எதிரே வரிசையாக நாற்காலிகள். முன்வரிசையில் பேசத் தெரிந்த நாலைந்து பேர். கடைசி வரிசையில், வாசல் ஓரமாக, கைக்குழந்தையோடு பெண்கள். எட்டு மணிக்குத் தொடங்கிய கூட்டம் பத்து மணிக்கு முடியும். இருவர் நிறையப் பேசியிருப்பார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார். செயலாளர் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி, அதைத் தம் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். அடுத்த மாதமும் அதே பேச்சு, அதே கோபம்.

இதற்கு யாரைக் குறை சொல்வது? தலைவரையா, செயலாளரையா? இருவருமே நல்லவர்களாக இருக்கலாம். குறை அந்த அறையின் அமைப்பில் இருக்கிறது. பேசியது காற்றோடு போய்விடுகிறது. எழுதியது ஒருவருடைய மடியில் இருக்கிறது. ஐம்பது பேர் கூடிய இடத்தில், ஐம்பது பேரும் ஒருசேரப் பார்க்கவும், கை நீட்டித் தொடவும், மாற்றி அமைக்கவும் கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்றை நம் மண்டபத்துச் சுவரிலே எப்படி உண்டாக்குவது என்பதைப் பற்றித்தான் இன்று பேச இருக்கிறோம்.

இது புதிய யோசனை அன்று. நம் நாட்டிலேயே இதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி உண்டு. மலாயா விடுதலை பெற்ற சில ஆண்டுகளில் கிராமப்புற மேம்பாட்டுக்கென ஓர் அமைச்சு அமைந்தது. அதற்குப் பொறுப்பேற்றவர், பின்னாளில் நாட்டின் இரண்டாவது பிரதமரான துன் அப்துல் ரசாக். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், இராணுவமும் போலீசும் 'நடவடிக்கை அறை' என்று ஒன்றை வைத்திருந்தன. சுவர் முழுக்க நிலப்படங்கள். அவற்றின் மேல் குறிகள். அறைக்குள் நுழைந்தவர் யாராயினும், எங்கே என்ன நடக்கிறது என்பதை ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். போருக்கு உதவிய அந்த அறையைச் சாலைக்கும் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பயன்படுத்தினால் என்ன என்று எண்ணினார் ரசாக்.

அப்படிப் பிறந்ததுதான் 1960-இன் 'சிவப்புப் புத்தகம்'. மாவட்டந்தோறும் சிவப்பு அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்று. அதிலே மாவட்டத்தின் நிலப்படம். அதன்மேல் கண்ணாடிபோல் தெரியும் மெல்லிய தாள்கள். ஒரு தாளில் வேண்டிய சாலைகள், இன்னொரு தாளில் தண்ணீர்க் குழாய், வேறொன்றில் பள்ளிகள். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், சாலை போகும் இடத்திலேயே குழாயும் போகலாமே என்பது கண்ணுக்குத் தெரியும். 'பிலிக் கெராக்கான்' எனப்பட்ட நடவடிக்கை அறைகள் மாவட்டத்திலும் மாநிலத்திலும் தலைநகரிலும் அமைந்தன. எந்த வேலை தொடங்கியது, எது நின்றுபோனது என்பதைச் சுவரில் தொங்கிய அட்டவணைகள் காட்டின. ரசாக் மாவட்டங்களுக்கு நேரில் போவார். அந்த அறையிலே நின்று கேள்வி கேட்பார். கோப்பிலே மறைத்து வைத்த தாமதத்தைச் சுவரிலே மறைக்க முடியவில்லை. பல இலாகாக்களின் அதிகாரிகள் ஒரே படத்தின் முன் நின்று பேசவேண்டி வந்ததால், 'அது என் வேலை அல்ல' என்று தட்டிக்கழிப்பதும் கடினமாயிற்று.

இதிலே நாம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுதான்: எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசினால் பேச்சு சுருங்கும், வேலை பெருகும்.

இரண்டாவது பாடமும் உண்டு. அது நமக்குச் சற்றே கசப்பானது. இரப்பர்த் தோட்டங்கள் தனியார் நிலம். ஆகையால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டன. கம்பத்துக்குச் சாலை வந்தது, குழாய் வந்தது, மின்சாரம் வந்தது. பக்கத்திலேயே இருந்த லயத்துக்குப் பல்லாண்டுகள் அவை வரவில்லை. தோட்டப்புற மக்கள் நகரத்தாருமல்லர், கிராமத்தாருமல்லர் என்ற நிலையில் நின்றார்கள். படம் எவ்வளவு நன்றாக வரையப்பட்டிருந்தாலும், அதில் இடம் பெறாத வீட்டுக்கு அதனால் பயன் இல்லை. ஆகவே, படம் இருந்தால் மட்டும் போதாது. அதை வரையும் கோல் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கோலை மக்கள் கையிலேயே கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஜப்பானில் ஜிரோ கவாகிதா என்று ஓர் அறிஞர் இருந்தார். புவியியலும் மானிடவியலும் கற்றவர். நேபாள நாட்டு மலைக்கிராமங்களில் தங்கி ஆராய்ச்சி செய்தார். அப்படிச் சேரும் குறிப்புகள் மலைபோல் குவியும். அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது? ஒரு சீட்டுக்கு ஒரு செய்தி என்று எழுதினார். எல்லாச் சீட்டுகளையும் விரித்து வைத்தார். ஒன்றுக்கொன்று உறவுடைய சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தார். சேர்ந்த பிறகே ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெயர் வைத்தார். பெயரை முதலில் வைத்துவிட்டுச் செய்திகளை அதற்குள் திணிப்பதில்லை. அதுதான் இம்முறையின் சிறப்பு. 1967-இல் இதை ஒரு நூலில் விளக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் இது 'கே.ஜே. முறை' என்று வழங்குகிறது. நேபாள மலைமக்களைத் தங்கள் குறைகளைத் தாங்களே ஆராயச் செய்து, குடிநீர்க் குழாயும், பள்ளத்தாக்கைக் கடக்கும் கம்பிவட வழியும் அமையத் துணைநின்றதற்காக 1984-இல் அவருக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது.

இந்தியாவிலே, 1980களின் இறுதியிலிருந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பங்கு பெறும் வழி ஒன்று சிற்றூர்களில் பரவியது. இராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கில அறிஞர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஊரார் தெருவிலோ களத்திலோ கூடுவார்கள். வண்ணப் பொடியாலும் சுண்ணாம்பாலும் தரையிலேயே ஊரின் படத்தை வரைவார்கள். கிணற்றுக்கு ஒரு கல், வீட்டுக்கு ஒரு விதை, மரத்துக்கு ஓர் இலை. கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு இது கடினமா என்ன? காகிதத்தில் பேனா பிடிப்பவர் ஒருவர்தான். தரையில் பத்துக் கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். தவறாகப் போட்டால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். அதிகாரி கையிலிருந்த குச்சி ஊரார் கைக்கு மாறுகிறது.

இந்த மூன்றையும் நம் மண்டபத்துக்குக் கொண்டு வருவோம். எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறீர்களா? பெரும்பாலும் வீட்டில் இருக்கிற பொருள்களே போதும். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறம் வெள்ளையாகத்தானே இருக்கிறது? நாலைந்தை ஒட்டினால் பெரிய தாள் கிடைத்துவிடும். ஒட்டுவதற்கு மரவள்ளி மாவுக் கஞ்சியே நல்ல பசை. சுத்தமான கோணிச் சாக்கைப் பிரித்து விரித்துச் சுவரில் அடித்துவிட்டால், குண்டூசியால் சீட்டுகளைக் குத்தவும் எடுக்கவும் வசதி. சீட்டுக்குப் பழைய அட்டைப்பெட்டியும் ஆகும். ஒரே அளவாக, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக்கொள்வோம்.

அறையை ஒழுங்குபடுத்துவதிலும் கவனம் வேண்டும். முதலில் அந்த நீண்ட மேசையை ஓரமாகத் தள்ளிவைப்போம். நாற்காலிகளைச் சுவரை நோக்கி அரைவட்டமாகப் போடுவோம். அப்படிப் போட்டால் கடைசி வரிசை என்று ஒன்று இராது. சுவருக்கும் முதல் நாற்காலிக்கும் நடுவே ஆறடி இடம் விடுவோம். எழுந்து நடமாட இடமில்லாத இடத்தில் யாரும் எழுந்து வரமாட்டார்கள். தாளை எந்த உயரத்தில் மாட்டுவது? கூட்டத்திலே மிகவும் குள்ளமான பாட்டியின் கை எட்ட வேண்டும்; அதுவே அளவு. எழுத்தும் பெரிதாக இருக்கட்டும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது நல்ல கணக்கு. இருபதடி தள்ளி அமர்பவருக்காக இரண்டு அங்குல உயரத்தில் எழுத வேண்டும். விளக்கு சுவரின் மேல் விழட்டும். பார்ப்பவர் கண்ணில் விழக்கூடாது. காற்றாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினால் சீட்டெல்லாம் பறந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்வோம். ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலவே தெரியும். ஆதலால் நிறத்தை மட்டும் நம்பாமல், முடிந்த வேலைக்கு ஒரு கோடு, தடைப்பட்ட வேலைக்கு ஒரு பெருக்கல் குறி என்று அடையாளமும் இடுவோம்.

இனி, வேலை நடக்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். நாற்பது வீடுகள் உள்ள ஒரு தோட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். அங்கே தண்ணீர் போதவில்லை என்று குறை. வழக்கமான கூட்டமாக இருந்தால், யாராவது ஒருவர் எழுந்து, 'நிர்வாகத்திடம் புதிய தொட்டி கேட்போம்' என்பார். எல்லாரும் கை தட்டுவார்கள். கடிதம் போகும். பணமில்லை என்று பதில் வரும். கதை அத்தோடு முடியும்.

சுவர்க் கூட்டத்திலே வேறு விதம். ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுக்கிறோம். தண்ணீரால் உங்கள் வீட்டில் என்ன தொல்லை? ஒரு சீட்டில் ஒரு தொல்லை. பெயர் எழுத வேண்டாம். கால் மணி நேரம் யாரும் பேசக்கூடாது. எழுதத் தெரியாத பாட்டிக்குப் பள்ளிப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். எழுதியதைப் பாட்டியிடம் திரும்பப் படித்துக் காட்டட்டும். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் அண்டை வீட்டுக்காரர், நம் மொழி தெரியாவிட்டாலும், ஒரு குழாயும் ஒரு வெறும் வாளியும் வரைந்து தருவார். அந்த மௌனமான கால் மணி நேரத்தில், பேசத் தெரிந்தவருக்கும் பேசக் கூச்சப்படுபவருக்கும் ஒரே அளவு இடம் கிடைக்கிறது. வேறு எந்த முறையிலும் இவ்வளவு எளிதாக இது கிடைப்பதில்லை.

பிறகு சீட்டுகளைக் கலந்து, ஒருவர் உரக்கப் படிக்கிறார். 'நான் வெட்டு முடிந்து வரும்போது குழாய் நின்றுவிடுகிறது.' 'வாளி தூக்க முடியவில்லை.' 'பிள்ளை குளிக்காமல் பள்ளிக்குப் போகிறது.' 'கடைசி லயத்தில் சொட்டுச் சொட்டாக வருகிறது.' 'குழாயடி எப்போதும் சேறு.' உறவுள்ளவற்றை மக்களே எழுந்து வந்து பக்கத்தில் பக்கத்தில் குத்துகிறார்கள். ஒருவர் வைத்ததை இன்னொருவர் மாற்றி வைக்கலாம். ஏன் என்று சொல்லிவிட்டு மாற்ற வேண்டும், அவ்வளவே. கடைசியில் பார்த்தால், தொட்டி சிறிது என்ற சீட்டுகள் இரண்டோ மூன்றோதான். பெரிய கூட்டமாகச் சேர்ந்திருப்பவை நேரத்தைப் பற்றியவை. தண்ணீர் திறப்பது காலை ஒன்பது மணிக்கு. அப்போது மரம் வெட்டுபவர்கள் காட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது குழாய் அடைபட்டிருக்கிறது.

அடுத்ததாகத் தரையிலே லயத்தின் படம். வீட்டுக்கு ஒரு கொட்டை, குழாய்க்கு ஒரு கயிறு. தண்ணீர் குறையும் வீடுகளின்மேல் ஒரு சிவப்புப் பூ. பூக்கள் எல்லாம் ஒரே இடத்தைத் தாண்டித்தான் விழுகின்றன. அங்கே குழாய் இணைப்பு ஒழுகுகிறது. சேறு ஏன் என்பதற்கும் அதுவே விடை. ஆக, கேட்க வேண்டியது புதிய தொட்டி அன்று. தண்ணீர் திறக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். ஓர் இணைப்பைப் பழுதுபார்க்க வேண்டும். இந்தப் படத்தையும் சேர்த்துக் கடிதம் எழுதினால், 'பணமில்லை' என்று சொல்லி மறுப்பது யாருக்கும் எளிதாக இராது. விடை ஏற்கெனவே நாற்பது வீடுகளிலும் துண்டு துண்டாக இருந்தது. சுவரும் தரையும் அதை ஒன்று சேர்த்தன.

முடிவு எடுத்த பின்பும் சுவரைக் கழற்றிவிடக் கூடாது. தாளில் மூன்று பத்திகள் போடுவோம்: செய்ய வேண்டியவை, நடந்துகொண்டிருப்பவை, முடிந்தவை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. இந்தச் சீட்டில் மட்டும் பெயரும் தேதியும் கட்டாயம். 'கமிட்டி பார்த்துக்கொள்ளும்' என்று எழுதினால் அதை யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு மனிதரின் பெயர் வேண்டும். நடுப்பத்தியில் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளுக்கு மேல் வேண்டாம். வாரம் ஒருமுறை, பத்து நிமிடம் அதன் முன் நின்றால் போதும். வேலை முடிந்ததும், பெயருக்குரியவரே தம் கையால் சீட்டை நகர்த்தட்டும். ஊர் பார்க்க அதை நகர்த்துவதில் உள்ள மனநிறைவு சிறிதன்று.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும்.

முதலாவது, சுவரில் போடக்கூடாதவை உண்டு. யார் கடன்பட்டிருக்கிறார், யார் வீட்டில் நோய், யார் வீட்டில் சண்டை என்பவை ஊர்ச் சுவருக்கு உரியவை அல்ல. சந்தா கட்டாதவர் பெயரைத் தொங்கவிட்டால் பணம் வராது. அந்தக் குடும்பம் மண்டபத்துக்கு வருவதை நிறுத்திவிடும்.

இரண்டாவது, நம் ஊரில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குறை சொல்லப் பயப்படுகிறவர் இருந்தால், எல்லாச் சீட்டையும் ஒரே ஆள் பெயர்த்து எழுதிய பிறகு மாட்டுவோம். பயம் உள்ள இடத்தில் உண்மையான சீட்டு வராது.

மூன்றாவது, தலைவர் தம் சீட்டைக் கடைசியாக வைக்கட்டும். அவர் முதலில் வைத்தால் மற்றவை எல்லாம் அதன் நகல்களாகிவிடும்.

நான்காவது, அலங்காரத்தில் மயங்க வேண்டாம். வண்ணத்தாளும் பூக்கோலமுமாக ஒரு வாரம் பாடுபட்டுச் செய்த பலகையை அழித்து எழுத யாருக்கு மனம் வரும்? அழிக்கவும் திருத்தவும் கூசாத அளவுக்கு எளிமையாக இருப்பதே நல்ல பலகை.

இன்று நம் பிள்ளைகள் பலர் பட்டணத்து அலுவலகங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கணினித் திரையில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை, அதில் வண்ண வண்ணச் சீட்டுகள், வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் நகர்த்துவது என்று சொல்வார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, இத்தகைய திரைப் பலகைகள் மிகவும் பழக்கத்துக்கு வந்தன. கருவி புதியது, முறை நாம் இதுவரை சொன்னதுதான். ஒரு சீட்டுக்கு ஒரு செய்தி, எல்லாருக்கும் ஒரே பார்வை, எல்லார் கைக்கும் எட்டும் இடம். பட்டணத்துப் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, அந்தப் பழக்கத்தை நம் மண்டபத்துக்கும் கொண்டு வரச் சொல்லுங்கள். தரைப்படத்தை அழிக்கும் முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைக்கவும் அவர்களே உதவுவார்கள்.

அந்தப் படம் வெறும் நினைவுப் பொருள் அன்று. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததே அந்தப் பாட்டைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறிவிட்டன. அப்படி ஒரு நாள் வருமானால், எத்தனை வீடு, எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டு, கோயில் எங்கே, பள்ளி எங்கே, இடுகாடு எங்கே என்ற கேள்விகள் எழும். அளவைக்காரரின் படத்தில் மரங்களும் எல்லைக்கற்களும் இருக்கும். மனிதர்கள் இருக்கும் படத்தை அங்கே வாழ்கிறவர்கள்தாம் வரைய முடியும். அதைப் பதற்றமில்லாத நாளிலேயே வரைந்து, தேதி இட்டு, எல்லாரும் கையொப்பமிட்டு, இரண்டு மூன்று இடங்களில் பாதுகாத்து வைப்பது நல்லது.

ஆகவே நேயர்களே, அடுத்த கூட்டத்துக்கு முன் மூன்று காரியங்கள் செய்வோம். மேசையை ஓரமாகத் தள்ளுவோம். பழைய நாள்காட்டித் தாள்களைச் சேர்த்து ஒட்டுவோம். வாசல் ஓரத்தில் நிற்கும் தாய்மாரை அழைத்து, முதற்சீட்டை அவர்கள் கையில் கொடுப்போம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமன்று, தோட்டம் விட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனவர்களுக்கும் இது பொருந்தும். அங்கேயும் மின்தூக்கியும் குப்பையும் தண்ணீரும் பேச்சாகவே நின்றுவிடுகின்றன அல்லவா?

ஒரு தலைமுறைக்கு முன்னே, நாட்டின் சுவர்களில் மாட்டிய படங்களில் நம் லயங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நம் மண்டபத்துச் சுவர் நம்முடையது. அதிலே நம் ஒவ்வொரு வீட்டையும் நாமே வரைவோம்.